வ.உ.சி.யும் வெள்ளிமலை அக்காவும்

நம் முன்னாள் மாணவர் சங்க மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழு நண்பர் ஃபோன் செய்தபோது எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. நான் கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் வேலை பார்க்கிற இன்ஜினியர். மோட்டார், பேரிங், வால்வு என்று கேட்டால் பக்கம் பக்கமாக எழுதுவேன். கட்டுரைக்கு நான் எங்கே போவேன்? யாராவது ஒரு பெரியவருடைய வாழ்க்கையை எழுதுப்பா, படிக்கிற பசங்களுக்கு உபயோகமா இருக்கும் என்றார் நண்பர். அப்துல் கலாமைப் பற்றி ஏற்கெனவே மூன்று பேர் எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். அப்படியானால் நான் வ.உ.சி.யைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். கப்பல் விட்ட கதையா, செக்கிழுத்த கதையா என்று கேட்டார். ரெண்டும் வரும், ஆனால் நான் சொல்லப்போவது கடிதக் கதை என்றேன்.

அந்தக் கதைக்கு வருவதற்கு முன்னால் எங்கள் ஊர்க் கதை கொஞ்சம் சொல்ல வேண்டும்.

என் சொந்த ஊர் கச்சிராயபாளையம். கல்வராயன் மலை அடிவாரம். அப்பாவுக்கு அங்கே மளிகைக் கடை. மலையிலிருந்து புளியும் கடுக்காயும் தேனும் கொண்டுவந்து போட்டுவிட்டு, உப்பும் எண்ணெயும் துணிமணியும் வாங்கிக்கொண்டு போகிறவர்கள் எல்லாரும் எங்கள் கடை வாசலில் உட்கார்ந்து ஒரு டீ குடிக்காமல் போக மாட்டார்கள். அதில் வெள்ளிமலைப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர், எனக்கு மாமா முறை வைத்துக் கூப்பிட்டுப் பழக்கம். அவர் சம்சாரம் எனக்கு அக்கா. முறை சரியா தப்பா என்று யாரும் பார்த்ததில்லை.

2013ஆம் வருஷம். நான் நம் கல்லூரியில் படிப்பை முடித்துவிட்டு, வேலைக்காக இன்டர்வியூ இன்டர்வியூவாக அலைந்துகொண்டிருந்தேன். மாமா யாரோ ஒரு ஏஜென்ட் கொடுத்த அட்வான்ஸை வாங்கிக்கொண்டு, மரம் வெட்டுகிற வேலை என்று போனவர் திரும்பி வரவில்லை. கூடப் போய்த் தப்பி வந்த ஒருவன், ஆந்திராவில் செம்மரக் கேஸில் பிடித்துவிட்டார்கள் என்று மட்டும் சொன்னான். எந்த ஸ்டேஷன், எந்த ஜெயில், எதுவும் அவனுக்குத் தெரியவில்லை. திருப்பதிப் பக்கம் என்றான். அவ்வளவுதான்.

அக்கா ஆடி மாதத்தில் ஒரு நாள் மலையிலிருந்து இறங்கி வந்தார். தம்பி படிச்ச பிள்ளை, நீதான் ஒரு லெட்டர் எழுதிப் போடணும் என்றார். ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று தெரிந்தால் போதும், மாமாவின் அம்மா தினமும் கேட்டுக் கேட்டு உயிரை எடுக்கிறார் என்றார். அடுத்த வாரம் எழுதலாம்க்கா என்றேன். அடுத்த வாரம் ஓசூரில் இன்டர்வியூ. அதற்கடுத்த வாரம் கோவையில். அக்கா மறுபடியும் வந்தார். மறுபடியும் அடுத்த வாரம் என்றேன்.

இதை இங்கே நிறுத்திவிட்டு வ.உ.சி.யிடம் போகிறேன். காரணம், அப்புறம் அவர்தான் எனக்கு இந்த விஷயத்தைப் புரிய வைத்தார்.

வ.உ.சிதம்பரம் பிள்ளை 1872 செப்டம்பர் 5ஆம் தேதி ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். அப்பா உலகநாத பிள்ளை வக்கீல். அம்மா பரமாயி அம்மாள். மகனும் வக்கீலுக்கே படித்தார். முதல் மனைவி வள்ளியம்மை இறந்த பிறகு மீனாட்சி அம்மாளை மணந்துகொண்டார். தூத்துக்குடியில் நல்ல வரும்படி. பேசாமல் இருந்திருந்தால் ராஜா மாதிரி வாழ்ந்திருக்கலாம்.

அவர் பேசாமல் இருக்கவில்லை. 1906ல் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்கு. 1907ல் காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் வந்தன. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவே ஓடின. வெள்ளைக்காரக் கம்பெனி டிக்கெட் விலையைக் குறைத்துக் குறைத்துக் கடைசியில் சும்மாவே ஏற்றிக்கொண்டு போகத் தயாரானது. 1908 பிப்ரவரி கடைசியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்கள் பக்கம் நின்றார்கள். அந்த மார்ச் 12ஆம் தேதி இருவரும் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலியே கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள்.

ஜூலை 7ஆம் தேதி நீதிபதி பின்ஹே தீர்ப்புச் சொன்னார். ராஜ துரோகத்துக்கு 20 ஆண்டு, சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு 20 ஆண்டு. ஆக நாற்பது ஆண்டு தீவாந்தர தண்டனை. அப்போது அவருக்கு வயது 35. இந்தச் செய்தியைக் கேட்ட தம்பி மீனாட்சிசுந்தரத்துக்குப் புத்தி பேதலித்துவிட்டது. பிற்பாடும் அவர் தேறவே இல்லை. மேல்முறையீட்டில் தண்டனை ஆறாண்டாகக் குறைந்தது. ஆனால் தம்பியின் மனது பழைய நிலைக்கு வரவில்லை.

பள்ளிக்கூடத்தில் நாம் படித்தது கப்பலும் செக்கும்தான். எங்கள் வீட்டில் அப்பா டி.வி.யில் எப்போது கப்பலோட்டிய தமிழன் படம் போட்டாலும் சிவாஜிக்காக உட்கார்ந்துவிடுவார். நானும் பார்த்திருக்கிறேன். அந்தத் தம்பியின் கதை என் மனதில் தங்கியதே இல்லை. பிறகு ஒரு காலத்தில்தான், ஒரு செய்தி மனிதனை என்ன செய்யும் என்று யோசித்தபோது அது எனக்கு உறைத்தது.

1908 ஜூலையிலிருந்து 1910 டிசம்பர் வரை கோவைச் சிறை. அதன் பிறகு கண்ணூர்ச் சிறை. கோவையில் தலையை மழித்து, காலில் விலங்கு பூட்டி, முரட்டுச் சட்டை மாட்டிவிட்டார்கள். சணல் கிழிக்கிற இயந்திரத்தைச் சுற்றி உள்ளங்கைத் தோல் உரிந்தது. அப்புறம் மாட்டுக்குப் பதிலாகச் செக்கு. இன்றைக்கும் கோவை மத்திய சிறையில் செக்கை நினைவுச் சின்னமாக வைத்திருக்கிறார்கள்.

சிறைக் கைதிக்குக் கடிதம் என்பது அப்போது இஷ்டப்படி எழுதுகிற சமாசாரம் இல்லை. இத்தனை மாதத்துக்கு இத்தனை என்று கணக்கு. எழுதியதை அதிகாரி படித்துப் பார்த்துத்தான் அனுப்புவார். வருகிற கடிதமும் அப்படியே. தூத்துக்குடி எங்கே, கோயம்புத்தூர் எங்கே! கைக்குழந்தையும் குட்டியுமாக இருக்கிற மீனாட்சி அம்மாள் நினைத்தபோது ரயிலேறி வந்து பார்த்துவிட்டுப் போக முடியுமா?

இங்கேதான் இரண்டு பேர் வருகிறார்கள். ஒருவர் கோவை வக்கீல் சி.கே.சுப்பிரமணிய முதலியார். பெரியபுராணத்துக்குப் பேருரை எழுதியவர் என்று தமிழ் படித்தவர்களுக்குத் தெரியும். அவர் வ.உ.சி.க்கு உதவியாக நின்றார். ராஜ துரோகக் கைதியின் பக்கத்தில் போய் நின்றால் தன் தொழில் என்னாகும் என்று அவர் கணக்குப் பார்க்கவில்லை. இன்னொருவர் பரலி சு. நெல்லையப்பர். 1889ல் பிறந்தவர். அப்போது இருபது வயசுப் பையன், அதாவது நம் கல்லூரி மாணவர்கள் வயசு. தலைவர் கோவைச் சிறையில் இருக்கிறார் என்று தெரிந்து, நெல்லைச் சீமையை விட்டுக் கோவைப் பக்கமே வந்து தங்கிவிட்டார். உள்ளே இருப்பவருக்கு வெளியே ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது. பிற்காலத்தில் வ.உ.சி. தன் சுயசரிதையை அகவலாக எழுதியதும் நெல்லையப்பர் கேட்டுக்கொண்டதற்காகத்தான்.

உள்ளே இருந்த வ.உ.சி. என்ன செய்தார்? உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் செய்யுளாகவே கடிதம் எழுதினார். அவர் எழுதிய பாடல்கள் பிறகு 1915ல் பாடல் திரட்டு என்று புத்தகமாக வந்தன. சிறையிலிருந்துகொண்டே சட்ட மனுக்களாக எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார். வக்கீல் பட்டம் போய்விட்டது. கையில் பேனா இருந்தது. ஜேம்ஸ் ஆலனின் புத்தகத்தை மனம் போல வாழ்வு என்று மொழிபெயர்த்தார். கண்ணூரில் கூட இருந்த கைதிகளுக்குச் சொல்லிக் கொடுப்பதற்காக மெய்யறம் என்ற நூலையே எழுதினார். திருடனும் கொலைகாரனும் என்று ஊர் ஒதுக்கிய ஆட்களுக்கு உட்கார்ந்து அறம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்! பகலெல்லாம் உடம்பு முறிய வேலை செய்த கை அது என்பதை மறந்துவிடாதீர்கள்.

அவர் உள்ளே இருக்கும்போதே, 1911ல், கப்பல் கம்பெனி கலைக்கப்பட்டது. கப்பல்கள் எதிராளிகள் கைக்கே போய்விட்டன. வெளியே இருக்கிறவர்கள் இதையெல்லாம் ஒரு கைதிக்கு எழுதும்போது கை ஓடியிருக்குமா? எதை எழுதுவது, எதை மறைப்பது? இந்தக் கேள்வியின் பாரம் என்ன என்று எனக்குத் தெரியும். எங்கள் ஊருக்கு மறுபடி வருகிறேன்.

நான் அந்தக் கடிதத்தை எழுத நாற்பது நாள் ஆனது. புரட்டாசியில்தான் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, எந்த விலாசத்துக்கு எழுதுவது? அப்போது ஆந்திராவில் ஒரு ஃபேக்டரியில் வேலை பார்த்த நம் கல்லூரி சீனியர் ஒருவர் ஞாபகம் வந்தது. பேர் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார், அதனால் போடவில்லை. அவர் ரெண்டு சனிக்கிழமை லீவு போட்டுக் கோர்ட் கோர்ட்டாக அலைந்து, மாமா பெயரையும் அவர் அப்பா பெயரையும் வைத்துக் கேஸ் நம்பரைக் கண்டுபிடித்துவிட்டார். அதன் மூலம் எந்தச் சிறை என்று தெரிந்தது. வெறும் பெயரை மட்டும் போட்டு எழுதினால் ஆளைக் கண்டுபிடிக்க முடியாது, அதே பெயரில் நாலு பேர் இருப்பார்கள், தகப்பன் பெயரும் கேஸ் நம்பரும் முக்கியம் என்றார். இன்னொரு யோசனையும் சொன்னார். தமிழில் மட்டும் எழுதினால் அங்கே படித்துப் பார்க்க ஆள் இருக்காது, கடிதம் அப்படியே கிடக்கும் என்று. ஒரு பக்கம் தமிழில் நான் எழுதினேன். மறுபக்கம் அதையே தெலுங்கில் அவர் யாரையோ பிடித்து எழுதி வாங்கினார்.

ஆனால் அந்த நாற்பது நாளுக்குள் மாமாவின் அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். பையன் செத்துவிட்டான், நம்மிடம் மறைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேதான் கண்ணை மூடினாராம். கடிதம் எழுதும்போது அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அம்மா செத்ததை எழுத வேண்டாம் தம்பி, அங்கே தனியாக என்ன செய்வார் என்றார். நான் எழுதவில்லை. மழை பெய்தது, சாமை விதைத்திருக்கிறது, மாடு கன்று போட்டது, எல்லாரும் சௌக்கியம் என்று எழுதினேன். கடைசி வாக்கியத்தை எழுத எனக்கு ரொம்ப நேரம் ஆனது.

ஒன்றரை மாதம் கழித்து, அக்காவோடு நானும் போய் மனு போட்டு மாமாவைப் பார்த்தேன். நடுவில் இரும்பு வலை. இந்தப் பக்கம் பத்து பேர், அந்தப் பக்கம் பத்து பேர், எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். அக்கா மலையிலிருந்து சுமந்து வந்த தேனை உள்ளே விடவில்லை. இத்தனை தூரம் வந்த அக்கா கேட்டது, சாப்பிட்டீங்களா என்ற ஒரே கேள்விதான். மாமா சட்டைப் பைக்குள்ளிருந்து என் கடிதத்தை எடுத்துக் காட்டினார். எட்டாக மடித்து, வியர்வையில் ஊறி, மை கலங்கிப் போயிருந்தது. அவருக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்தில் இருந்த திருவண்ணாமலைக்காரன் ஒருவன் தினமும் ராத்திரி படித்துக் காட்டுவானாம். பிறகு மாமா, அம்மா எப்படி இருக்கு என்று கேட்டார். நல்லா இருக்காங்க என்றார் அக்கா. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஜாமீனில் வந்த பிறகுதான் மாமாவுக்கு விஷயம் தெரிந்தது. என்னை அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் இன்றைக்கும் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. 2015 ஏப்ரல் 7ஆம் தேதி சேஷாசலம் காட்டில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் இருபது பேர் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தி வந்தபோது மாமா வீட்டில்தான் இருந்தார். இருந்தாலும் அக்கா ஒரு வாரம் அவரை வாசற்படி தாண்ட விடவில்லை.

இதற்கு அப்புறம்தான் எனக்குக் கோவையில் வேலை கிடைத்தது. ரூம் காந்திபுரத்தில். தினமும் பஸ்ஸுக்குப் போகிற வழியில் அந்தச் சிறையின் மதில் சுவர். நம் கல்லூரி நூலகர் ஐயா ஒரு காலத்தில் என் கையில் திணித்து, நான் படிக்காமலே திருப்பிக் கொடுத்த வ.உ.சி. சுயசரிதையை, அந்தச் சுவரைப் பார்த்த பிறகு தேடிப் பிடித்துப் படித்தேன். (ஐயா, இதை நீங்கள் படித்தால் மன்னிக்கவும். லேட்டாகத்தான் படித்தேன்.)

மீதிக் கதையையும் சொல்லிவிடுகிறேன். வ.உ.சி. 1912 டிசம்பர் 24ஆம் தேதி விடுதலையானார். கைதானபோது ஊரே எழுந்தது. விடுதலையானபோது வரவேற்கப் பெரிய கூட்டம் ஒன்றும் இல்லை. கம்பெனி இல்லை, வக்கீல் சன்னது இல்லை, காசு இல்லை. சென்னையில் சின்னச் சின்ன வியாபாரம் செய்து பார்த்தார். தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்கென்று திரட்டிக் காந்தியிடம் கொடுத்திருந்த பணத்துக்காக 1915ல் காந்திக்கும் அவருக்கும் நடுவே கடிதம் மேல் கடிதம் நடந்தது. 1916ல்தான் பணம் கைக்கு வந்தது, 347 ரூபாய் 12 அணா. கடல் தாண்டிக் கப்பல் விட்டவருக்குக் கடல் தாண்டி வந்த காசு அத்தனை தாமதமாகச் சேர்ந்தது.

பிறகு வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் வக்கீல் சன்னது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்கு, தன் மகன் ஒருவனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். யார் சிறைக்கு அனுப்பினார்களோ அந்த இனத்தில் ஒருவர் செய்த உதவியைக் கூட மறக்காத மனசு. தொல்காப்பியம், திருக்குறள் என்று கடைசிவரை தமிழில் உழைத்தார். 1936 நவம்பர் 18ஆம் தேதி தூத்துக்குடியில் காலமானார்.

அவருடைய வாழ்க்கையில் என்னை உலுக்கியது செக்கைவிட, எழுதத் தெரிந்த கையை அவர் கடைசிவரை சும்மா வைக்காததுதான். எழுதத் தெரிந்த என் கை நாற்பது நாள் சும்மா இருந்தது.

நண்பர்களே, இன்றைக்குச் சட்டம் மாறியிருக்கிறது. ஒருவரைக் கைது செய்தால் அவருடைய உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் சொல்லியாக வேண்டும். 1996ல் டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகச் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 48வது பிரிவு அதைத்தான் சொல்கிறது. சிறையில் இருக்கிறவருக்கு இலவச வக்கீல் கேட்கும் உரிமை உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம். 15100 என்ற எண்ணுக்கு ஃபோன் செய்தால் வழி சொல்வார்கள். ஆன்லைனில் பதிவு செய்து வீடியோவில் கைதியைப் பார்க்கிற வசதி கூட வந்துவிட்டது. ஆனால் வெள்ளிமலைக்கு மேலே இருக்கிற ஒரு அக்காவுக்கு இதெல்லாம் யார் சொல்வது? அந்த ஃபாரத்தை யார் நிரப்புவது?

2019ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனது. கலெக்டர் ஆபீஸ் பக்கத்திலேயே வந்துவிட்டது. மலைக்கு பஸ் போகிறது. மலைப் பிள்ளைகள் நம் கல்லூரியிலேயே படிக்கிறார்கள். அந்தத் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான். உங்கள் ஊரில் யாராவது ஒரு கடிதம் எழுதச் சொல்லி வந்தால், செமஸ்டர் இருந்தாலும் பேனாவை எடுங்கள். ஆள் பெயர், தகப்பன் பெயர், கேஸ் நம்பர் இந்த மூன்றையும் முதலில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வேற்று மாநிலமாக இருந்தால் அந்த ஊரில் நம் கல்லூரி ஆள் யாராவது இருக்கிறார்களா என்று சங்கத்தில் கேளுங்கள். நிச்சயம் ஒருவர் இருப்பார். என் சீனியர் இருந்தார்.

சங்கத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கச்சிராயபாளையத்தில் எங்கள் கடைத் திண்ணையில் ஒரு மேஜை போடலாம். கடிதம், மனு, ஆன்லைன் பதிவு, எதுவானாலும் எழுதிக் கொடுக்கலாம். மேஜையும் நாற்காலியும் என் பொறுப்பு. டீ அப்பா பொறுப்பு. கோவையிலிருந்து நான் வந்துவிடுகிறேன்.

அடுத்த வாரம் பார்க்கலாம் என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள்.